இடபத்தின் நான்காம் கால்

மார்கழி கனடாவின் இந்நகரத்துக்கு ஓசையோடு வருவதில்லை. முதலில் ஒளி குறைகிறது. பிற்பகல் முதிருமுன்னே கதிரவன், பார்த்தும் பாராதவன்போல், மேற்கே நழுவிவிடுகிறான். பிறகு நிறம் குறைகிறது. கார்த்திகையிலேயே தம் செம்பொன்னை உதிர்த்துவிட்ட மேப்பிள் மரங்கள் வெறுங்கொம்புகளாய், நோன்பிருப்பார்போல், தெருவோரம் வரிசையாக நிற்கின்றன. வாவியின் மேலிருந்து வரும் காற்று, சொல்லடங்கிய காற்று. அது எதையும் கேட்பதில்லை, எதையும் தருவதில்லை. பின்னர் ஒரு காலையில், எவரும் கண் விழியாத பொழுதில், பனி இறங்குகிறது. கூரைகளின்மேல், நிறுத்திய கார்களின்மேல், பேருந்துக்காகக் குனிந்து நிற்போர் தோள்களின்மேல் அது திருநீறெனப் படிகிறது. உயர்ந்தார், தாழ்ந்தார் என்னும் வேற்றுமை அதற்கில்லை. வெக்ஸ்போர்ட்டின் பழைய அடுக்குமாடிக்கும் மில்லிக்கனின் புதுச் செங்கல் வீட்டுக்கும் ஒரே வெண்மை. பூசியவன் எவனோ அவனை நினைவார்க்கு அது பூசனை. நினையாதார்க்கு அது வழுக்கும் வெறும் பனி.

இவ்வாறு ஊரெல்லாம் அடங்கிக் கிடக்கும் திங்களில் அடங்காத பொருள் ஒன்று உண்டாயின், அது ஜெயரட்ணத்தின் வாய்.

மில்லிக்கனில், இரண்டு கார் நிற்கும் கராஜோடு கூடிய வீடு அவருடையது. ஆயுட் காப்புறுதி விற்பது தொழில். பிறருடைய சாவைப் பற்றி நயமாகப் பேசிப் பேசி, தமக்கு அது வராது என்ற முடிவுக்கு அவர் வந்திருந்தார். கோவில் நிர்வாக சபையிலும் இருந்தார். திருவிழாக் காலங்களில் பட்டு வேட்டியோடு ஒலிவாங்கியின் முன் நிற்பார். மூலவருக்கு முதுகு காட்டுகிறோம் என்பது ஒருநாளும் அவருக்குத் தோன்றியதில்லை.

அவருடைய பெருமையெல்லாம் வீட்டின் நிலக்கீழ் அறையில் இருந்தது. அங்கே கண்ணாடிப் பேழைகளில் உலக நாணயங்களை அடுக்கி, ஒவ்வொன்றின்மேலும் தனித்தனி விளக்கு விழும்படி செய்திருந்தார். மூலவருக்கு இல்லாத விளக்கு! விருந்துக்குப் போனவர்கள் சோறு உண்ணுமுன் அவ்வறையை வலம் வரவேண்டும். யாழ்ப்பாணத்து அரசர்கள் வெளியிட்ட சேதுக் காசு ஒன்றும் அவரிடம் இருந்தது. அதில் இடபம் மடங்கிப் படுத்திருக்கும். உலகம் போற்றும் முடியுடை வேந்தன் ஏன் தன் முகத்தைப் பொறியாமல் மாட்டைப் பொறித்தான் என்று ஒருவர் கேட்டபோது, ஜெயரட்ணம் சற்றும் தயங்காமல், "அந்தக் காலத்தில எங்கட ஆக்களுக்கு முகம் கீற வராது" என்றார். இறைவன் ஊர்தியைத் தன் தலைக்கு மேலாக வைத்த அரசனையும் அவ்வறையில் சிறை வைத்திருந்தவர் அவர்.

பேழைகளுள் ஒன்று மட்டும் அவர் நெஞ்சில் முள்ளாய் இருந்தது. அமெரிக்காவின் பழைய ஐந்து சத நாணய வரிசை அது. அந்நாணயத்தின் ஒருபுறம் செவ்விந்தியர் என்று வெள்ளையர் பெயரிட்ட தொல்குடி ஆடவன் ஒருவனின் தலை. மறுபுறம் திமிலுயர்ந்த காட்டெருது. அதன் வரலாறு கேட்கத் தகாத வரலாறு. கண்ணுக்கெட்டிய வெளியெல்லாம் கடல்போல் மேய்ந்த விலங்கைச் சுட்டுச் சுட்டுக் குவித்தார்கள். தோலை விற்றார்கள், எலும்பை விற்றார்கள். மிஞ்சிய சிலவற்றை வேலிக்குள் நிறுத்தியபின், ஐயோ பாவம் என்று காசில் பொறித்தார்கள். அவ்விலங்கை நம்பி வாழ்ந்த குடியின் தலையையும் அதே காசின் மறுபுறத்தில் வைத்தார்கள். கொல்லுமுன்னும் அவர்கள் கும்பிடவில்லை, கொன்ற பின்னும் கும்பிடவில்லை, செலவழித்தார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழாம் ஆண்டில், நாணயம் அடிக்கும் அமெரிக்க அக்கசாலை ஒன்றில் அச்சைத் தேய்த்தவன் அளவு மீறித் தேய்த்துவிட்டான். அதனால் சில காசுகளில் எருதின் முன்னங்கால் ஒன்று மறைந்துபோனது. குளம்பு மட்டும் நிலத்தில் நிற்கும். அதற்கு மேலே கால் இராது. பிழையாய்ப் பிறந்த அந்தக் காசை நாணயம் சேர்ப்போர் மாணிக்கமாய்த் தேடுகிறார்கள். ஜெயரட்ணம் சேர்ந்திருந்த நாணயக் கழகத்தில் ஒருவரிடமும் அது இல்லை. அதை முதலில் கொண்டுவந்து வைப்பவர் தாமாக இருக்கவேண்டும் என்பதே அவருடைய பிறவிப் பயன்.

அறத்தை நாலு கால் இடபமாகக் கண்டவர் நம் முன்னோர். யுகந்தோறும் அது ஒவ்வொரு காலாய் இழக்கும் என்று அவர்கள் வருந்தினார்கள். இழந்த காலுக்கு விலை பேசுவோர் பிறப்பார்கள் என்று அவர்கள் சொல்லவில்லை. அத்துணை இழிவு அவர்களுடைய கருத்துக்கு எட்டவில்லை போலும்.

அந்த ஆண்டு திருவாதிரையும் கிறிஸ்மஸும் அருகருகே வந்தன. அதற்கு முந்திய சனிக்கிழமை ஜெயரட்ணம் வெக்ஸ்போர்ட்டிலுள்ள தம் மைத்துனி யோகமலரின் வீட்டுக்குப் போனார். யோகமலர் அவர் மனைவி சந்திரவதனாவின் தங்கை. அவளுடைய கணவன் நவரட்ணம் பொதிகள் ஏற்றும் கிடங்கில் வேலை செய்பவன். கடைத்தொகுதி முன்றிலில் பனிக்கட்டியில் வழுக்கி, வலக்கால் முறிந்து, மாவுக்கட்டோடு கிடந்தான். நோயாளியைப் பார்க்கப் போகாவிட்டால் சபையில் நால்வர் நாலு விதம் பேசுவர் என்பதற்காகவே ஜெயரட்ணம் போனார்.

"என்ன நவம், கால் என்ன சொல்லுது?"

"அது ஒண்டும் சொல்லுறதில்லை அண்ணை. சொல்லுறதெல்லாம் பாக்க வாற ஆக்கள்தான்."

ஜெயரட்ணம் சிரித்தார், பொருள் விளங்காமல் சிரித்தார். கோட்டைக் கழற்றினால் நெடுநேரம் இருக்க வேண்டிவரும் என்று எண்ணிக் கழற்றாமலே குசினிப் பக்கம் போனார். அங்கே யோகமலர் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அடுப்புக்கு அருகே, மேல் அலுமாரியின் ஒரு தட்டுத்தான் அவ்வீட்டின் பூசையறை. கற்பூரம் கொளுத்தினால் கூரையிலுள்ள எச்சரிக்கை மணி அலறி, அடுக்குமாடி முழுவதும் படியிறங்கி ஓடும். ஆதலால் அடுப்பின் மேலுள்ள புகையிழுக்கும் விசிறியைச் சுழலவிட்டு, அதன் கீழே தீபம் காட்டிப் பழகியிருந்தாள். தில்லைக்கூத்தன் படத்தின் அடியில், ஒரு வெற்றிலையின்மேல், திமிலில் சந்தனப் பொட்டோடு ஒரு காசு சாய்ந்து நின்றது.

"உது என்ன யோகம், காசை வச்சுக் கும்பிடுறாய்? லட்சுமி பூசையோ?"

"காசில்லை அத்தான். இடபம்."

"இடபமோ? உது அமெரிக்கன் காட்டு மாடு! சிவபெருமான் உதில ஏறினால் நேர கவ்போய்ப் படத்துக்குள்ளதான் போய் நிப்பார்."

"எங்களிட்ட வந்தது உதுதான் அத்தான். வந்ததைத்தானே கும்பிடலாம்."

வந்த கதை இது. எண்பத்தேழாம் ஆண்டில், அகதிகளாய் வந்த அவர்களைக் கனடா எல்லையில் திருப்பிவிட்டபோது, விசாரணை நாள் வரும்வரை அமெரிக்கப் பக்கத்தில், பஃபலோ நகரத்தில் ஒரு தேவாலயத்தின் கீழறையில் கணவனும் மனைவியும் காத்துக் கிடந்தார்கள். உள்ளே விடுவார்களோ, ஊருக்கே திருப்புவார்களோ என்று அறியாத நாட்கள். ஒருநாள் நவரட்ணம் கோப்பி இயந்திரத்தில் காசு போட்டான். மிச்சச் சில்லறையோடு இந்த எருது விழுந்தது. யோகமலர் அதைக் கையில் எடுத்தாள், திமிலைக் கண்டாள், ஊர்தி வந்துவிட்டது, இனி ஊர்பவன் தொலைவில் இல்லை என்று கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அடுத்த கிழமை எல்லை திறந்தது. அன்று தொட்டு அதற்கு நாள்தோறும் நீராட்டு, பொட்டு, பூ. அந்த எருதை விட்டால் தன் வீட்டை யார் காப்பார் என்று அவள் கேட்டதில்லை. கேட்க வேண்டிய நிலை வரவில்லை.

கதையைக் கேட்டு இன்னும் ஒரு பகிடி விடும் நோக்கத்தோடு ஜெயரட்ணம் காசை எடுத்தார். பெருவிரலால் சந்தனத்தைத் துடைத்தார். வெளிச்சத்தில் சரித்தார். அவர் வாயில் திரண்டிருந்த பகிடி அங்கேயே உலர்ந்தது. குளம்பு நின்றது. குளம்பின் மேலே கால் இல்லை.

வேறொருவராயின், "பிள்ளை, உன் கையில் இருப்பது அரியது" என்று சொல்லியிருப்பார். வறியவர் வீட்டில் புதையல் கண்டவன் அதைச் சொல்லுவதற்கு அறநூல் படிக்கவேண்டியதில்லை; நாக்கு ஒன்றிருந்தால் போதும். ஜெயரட்ணத்துக்கு நாக்கு இருந்தது. அதை அவர் வேறு விதமாய்ப் பயன்படுத்தினார்.

"யோகம், உந்த மாட்டுக்கு எத்தினை கால்?"

"நாலுதான். ஏன் அத்தான்?"

"எண்ணிப் பார்."

அவள் காசைக் கண்ணருகே பிடித்தாள். நாள்தோறும் நீராட்டிய கைக்கு அது தெரியவில்லை. திமிலைக் கண்ட கண் காலைக் காணவில்லை. "தேய்ஞ்சு போச்சாக்கும்" என்றாள் மெல்ல.

"தேயேல்லை. பின்னம்! பின்னமான உருவத்தை வீட்டில வச்சுக் கும்பிடப்படாதெண்டு ஆகமத்திலேயே கிடக்கு. கை பின்னமெண்டால் வீட்டில ஆருக்கோ கைக்கு வரும். கால் பின்னமெண்டால்..." அவர் முடிக்கவில்லை. முன்னறையில் முக்காலிமேல் நீண்டு கிடந்த மாவுக்கட்டை ஒருமுறை பார்த்தார். அவ்வளவுதான்.

யோகமலர் காசை இரு கையாலும் பொத்திக்கொண்டாள்.

ஆகமத்தில் ஒரு வரியேனும் படித்தறியாதவர் அவர். ஆனால் பூட்டிய கதவுக்கு முன் நிற்கும் கள்வனுக்கு எந்த இரும்பும் கடப்பாரைதான். அன்று அவர் கைக்கு எட்டியது ஆகமம்.

"பயப்பிடாதை. என்னட்டத் தா. ஐயரிட்டக் கேட்டு முறைப்படி வாவியில விட்டுவிடுறன். தோசமெல்லாம் அதோட போயிடும்."

அவள் காசை நீட்டவில்லை. வெற்றிலைமேல் மீண்டும் வைத்தாள். "திருவாதிரை முடியட்டும் அத்தான். இவ்வளவு வருசம் எங்களோட நிண்ட வாயில்லாச் சீவன். பூசைக்கு முதல் எப்பிடிப் போவெண்டு சொல்லுறது?"

பறித்துக்கொண்டு ஓடினால் ஐயம் வரும் என்று ஜெயரட்ணம் தெளிந்தார். "சரி, சரி. திருவாதிரையண்டு அக்காவோட வாறன்" என்று சொல்லி, தேநீரைக் குடியாமலே இறங்கினார். அன்றே நாணயக் கழகத்தாருக்குத் தொலைபேசி எடுத்து, மூன்று கால் எருது என் கைக்கு வந்துவிட்டது, புத்தாண்டுக் கூட்டத்தில் காட்சிக்கு வைக்கப்போகிறேன் என்று அறிவித்தும் விட்டார். இடபம் வெக்ஸ்போர்ட்டில் வெற்றிலைமேல் நின்றது. அதன் புகழ் மில்லிக்கனில் மேயத் தொடங்கியது.

கதவு சாத்தியதும் யோகமலர் கணவன் அருகே வந்து நின்றாள்.

"அத்தான் சொன்னதைக் கேட்டனீங்களோ?"

"கேட்டன். நான் வழுக்கினது ஐசில. மாடு தள்ளினதெண்டு எழுதிக் குடுத்தால் காப்புறுதி வருமோ எண்டு அவரிட்டயே கேட்டுப் பாரன்."

"பகிடி விடாதேங்கோ. எனக்கு நெஞ்சு பதறுது. இவ்வளவு நாளும் ஒரு நொண்டிச் சீவனைக் கவனியாமல் நிக்க விட்டிருக்கிறன்."

"வாவியில விடப்போறாராம். இந்தக் குளிருக்குள்ள! மாட்டுக்கு ஒரு சுவெற்றராவது போட்டு விடச் சொல்லு."

அவள் சிரிக்கவில்லை. அவன் காலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மாவுக்கட்டை மெல்லத் தொட்டு, "உங்களுக்குக் கால் முறிஞ்சதெண்டு உங்களைக் கொண்டுபோய் வாவியில விட்டனானோ?" என்றாள்.

"இல்லை. ஆசுப்பத்திரியில விட்டாய்."

"அதுதான்" என்றாள் அவள். குரலில் இருந்த நடுக்கம் போய்விட்டது.

கோவிலில் மூர்த்தம் பழுதுபட்டால் திருப்பணி செய்வதைச் சிறுவயது முதல் கண்டவள் அவள். வேலை தொடங்குமுன் தெய்வத்தின் இருப்பை நீர்க்குடத்துக்கு மாற்றுவார்கள். கொத்தன் உளிபடும்போது கல் வெறுங்கல். வேலை முடிந்தபின் குடத்து நீரை மூர்த்தத்தின்மேல் சொரிந்து மீண்டும் எழுந்தருளப் பண்ணுவார்கள். பாலாலயம் என்று அதற்குப் பெயர். ஒரு காசுக்குப் பாலாலயம் செய்யலாமா என்று அவள் யாரிடமும் கேட்கவில்லை. பித்தளைச் செம்பைப் புளி போட்டுத் துலக்கினாள். குழாய் நீரை நிரப்பினாள். மாவிலை இல்லாத நாட்டில் வெற்றிலையைச் செருகினாள். காசின்மேல் விரலை வைத்து, பிறகு அந்த விரலை நீரில் வைத்து, "கொஞ்ச நாளைக்கு இதுக்குள்ள நில்லு ராசா. குளிராது" என்றாள். பின் ஒரு சுரையை எடுத்தாள். இணைத் தோடு தொலைந்து, பயனின்றிக் கிடந்த தங்கத் திருகு அது. அதையும் காசையும் கைலேஞ்சியில் முடிந்துகொண்டு பேருந்து ஏறினாள்.

லோறன்ஸ் வீதியில் ஒரு கடைத்தொகுதியின் கோடியில் எட்வேட்டின் நகைக்கடை இருந்தது. மன்னார்க் கத்தோலிக்கன்; கிறிஸ்மஸ் கிழமை ஆதலால் கழுத்துவரை வேலை. யோகமலர் கைலேஞ்சியை அவிழ்த்து, தேவையைச் சொன்னாள். அவன் உருப்பெருக்கியைக் கண்ணில் செருகிக் காசைப் பார்த்தான்.

"அக்கா, பழங்காசில கை வச்சால் மதிப்புக் குறையுமெண்டு சொல்லுவினம்."

"கால் இல்லாமல் நிக்கிறதும் ஒரு மதிப்போ தம்பி?"

"அதுவும் சரிதான். ஆனா நான் சேர்ச்சுக்குப் போறவன். உங்கட சாமியில உளி வைக்கலாமோ?"

"சாமி வீட்டில செம்புக்குள்ள நிக்குது. இது இப்ப வெறுங்காசு. நீர் பயப்பிடாமல் செய்யும்."

எட்வேட் வாய்விட்டுச் சிரித்தான். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, கடைக் கண்ணாடியில் தான் சோடித்து வைத்திருந்த பாலன் குடிலைக் கையால் காட்டினான். "எங்கட ஆளும் மாட்டுக் கொட்டிலுக்கதானே பிறந்தவர். குளிருக்குள்ள மூச்சு விட்டுச் சூடாக்கினது ஒரு மாடுதானெண்டு அம்மா சொல்லுவா. அந்த மாட்டுக்கு ஒருத்தரும் ஒண்டும் செய்யேல்லை. இருங்கோ, இதுக்காவது செய்வம்."

காத்திருந்த வாடிக்கையாளர் இருவர் முணுமுணுக்க, அவன் சிற்றுளியால் குளம்புக்கும் மார்புக்கும் இடையே ஒரு சிறு பள்ளம் வெட்டினான். சுரையை உருக்கி மயிரிழையாய் இழுத்தான். இழையைப் பள்ளத்தில் வைத்து, மெல்ல மெல்லத் தட்டி இறுக்கினான். மங்கிய சாம்பல் நிற எருது ஒரு பொற்காலோடு நிமிர்ந்து நின்றது. கூலி எவ்வளவு என்று அவள் கேட்டாள். "திருவாதிரை அவலும் கடலையும் கொண்டு வாங்கோ. நத்தார்க் கேக்குக்கு நடுவில வாய்க்கு நல்லா இருக்கும்" என்றான்.

திருவாதிரையன்று பிற்பகல் ஜெயரட்ணம் சந்திரவதனாவோடு வந்தார். கோட்டுப் பையின் உள்ளே பஞ்சு வைத்த சிறு பெட்டி ஒன்றும், உருப்பெருக்கும் கைவில்லை ஒன்றும் இருந்தன. வாவியின் அடியில் வாழப்போகும் காசுக்குப் பஞ்சணை எதற்கு என்று கேட்பாரில்லை.

யோகமலர் குளித்துச் சேலை உடுத்து, அலுமாரித் தட்டின் முன் நின்றாள். நவரட்ணம் ஊன்றுகோல்களோடு குசினி வாசலில் சாய்ந்திருந்தான். ஒருபுறம் செம்பு, மறுபுறம் வெள்ளித் தட்டில் காசு. மூத்தவர்கள் வந்தபின் நீர் சொரியலாம் என்று அவள் காத்திருந்தாள்.

"அத்தான், இனி வாவியில விடத் தேவையில்லை" என்றாள். முகம் மலர்ந்திருந்தது. "கால் வச்சாச்சு."

"என்ன வச்சது?"

"கால்."

ஜெயரட்ணம் தட்டிலிருந்து காசைப் பறித்தார். கைவில்லையை எடுத்தார். சந்திரவதனாவின் கண் அதன்மேல் விழுந்தது.

"தண்ணிக்க போடப்போற காசுக்கு லென்ஸ் எதுக்கப்பா?"

அது அவர் காதில் விழவில்லை. வில்லையின் ஊடே பொற்கால் பேருருவாய்த் தெரிந்தது. ஜெயரட்ணத்தின் வாயிலிருந்து முதலில் ஒலி மட்டும் வந்தது. பின்னரே சொல் வந்தது.

"ஐயோ! நாசமாக்கிப் போட்டாளே! மடைச்சி! ஆரடி உனக்குக் கால் வைக்கச் சொன்னது? உது மூண்டு கால் மாடடி! மூண்டு கால்! அந்தக் கால் இல்லாததிலதான் உதின்ர மதிப்பே கிடக்குது! எங்கட கிளப்பில ஒருத்தனிட்டையும் இல்லை. எல்லாருக்கும் சொல்லிப் போட்டன். அவங்களுக்கு முன்னால இனி நான் எந்த முகத்தோட போறது? வித்திருந்தால்கூட இந்தக் குளிருக்கு உங்கட வீட்டில எல்லாருக்கும் புதுக் கோட்டு வாங்கியிருக்கலாம்! இப்ப உது வெறும் அஞ்சு சதம். அதுவும் இல்லை. குப்பை!"

சொல்லி முடித்தபின்தான் தாம் என்ன சொன்னோம் என்று அவர் செவி அவருக்கு அறிவித்தது. புகையிழுக்கும் விசிறி மட்டும் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

இதற்காகவா! ஆகமத்தை அழைத்தது, முறிந்த காலைச் சுட்டியது, ஏழைப் பெண்ணை நடுங்கச் செய்தது எல்லாம் சில கோட்டுகளின் விலைக்கா! பெரும்பொருளுக்குப் பெரும்பழி செய்தவரைப் பழங்கதைகள் அரக்கர் என்றேனும் அழைக்கும். இவருக்கு அந்தப் பெயரும் இல்லை.

சந்திரவதனா முதலில் வாய் திறந்தாள். "அப்ப வாவியில விடப்போறன் எண்டது?"

"அது... நான் பிறகு..."

"ஐயரிட்டக் கேட்டனெண்டு காருக்குள்ள சொன்னியள். எந்த ஐயர்? கிளப்பில இருக்கிற ஐயரோ?" மனைவியின் குரல் உயரவில்லை. உயராத குரலுக்கு அவர் அஞ்சினார். குசினிச் சுவரைப் பார்த்தார். மறைய இடம் இல்லை.

நவரட்ணம் ஊன்றுகோலை மாற்றிப் பிடித்தான். "அண்ணை, என்ர காலையும் மாவுக்கட்டுப் போட்டுக் கெடுத்துப் போட்டாங்கள். முறிஞ்சபடியே விட்டிருந்தால் உங்கட கண்ணாடிப் பெட்டிக்குள்ள லைற் போட்டு வச்சிருப்பியள், என்ன?"

"இஞ்சரப்பா, நீங்கள் சும்மா இருங்கோ" என்றாள் யோகமலர். அவள் ஜெயரட்ணத்தின் முன் வந்து கையை ஏந்தினாள். அவர் காசை அந்தக் கையில் வைத்தார். வையாமல் வேறென்ன செய்வார்?

"அத்தான், எனக்கு வேணும் தா எண்டு கேட்டிருந்தால் தந்திருப்பன். கண்ணை மூடிக்கொண்டு தந்திருப்பன். ஆகமத்தை ஏன் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?"

அவர் வில்லையைக் கையில் திருப்பினார்.

"இவற்ர கால் என்னாலதான் முறிஞ்சதெண்டு இத்தனை நாளும் நித்திரை இல்லாமல் கிடந்தனான்." அவள் காசைப் பார்த்தாள். பின் ஏதோ நினைவு வந்தவளாய், முதன்முறையாக அவரைப் பார்த்துச் சிரித்தாள். இரங்கும் சிரிப்பு அது, அறைவதினும் கொடியது. "நல்ல காலம் அத்தான். இடபம் இன்னும் செம்புக்கதான் நிக்குது. நீங்கள் குப்பையெண்டு பேசினது முழுக்க வெறுங்காசுக்குத்தான் பட்டுது."

நவரட்ணம் அடக்கப் பார்த்தும் அடங்காமல் சிரித்தான். சந்திரவதனா தலையைத் திருப்பிக்கொண்டாள். அவள் தோள்களும் குலுங்கின. கையில் வில்லையோடு ஜெயரட்ணம் நின்றார். பெரிதாக்கிப் பார்க்க இனி அவர்முன் ஒன்றும் இல்லை. அவரைத்தான் பார்க்கலாம், அதற்கு வில்லை வேண்டியதில்லை. பஞ்சுப் பெட்டி கோட்டுப் பையினுள் வெறுமையாய்க் கிடந்தது. போய்விடலாம் என்று அவர் வாசலை நோக்கினார். வாசலில் ஊன்றுகோல்களோடு நவரட்ணம் நின்றான். கால் முறிந்தவனைத் தள்ளிக்கொண்டு போக அவராலும் முடியவில்லை.

யோகமலர் இவற்றையெல்லாம் கவனிக்கவில்லை. காசை ஒருமுறை கழுவினாள். வில்லைக்காரர் விரல் பட்டதைக் கழுவினாளோ, வழக்கப்படி கழுவினாளோ, நாம் அறியோம். தட்டில் நேராக வைத்தாள். செம்பை இரு கையாலும் உயர்த்தி, உதடு அசையாமல், பொற்கால் தொட்டுத் திமில் வரை நீரைச் சொரிந்தாள். நீர் வழிந்து தட்டில் நின்றது. சந்தனத்தைக் குழைத்துத் திமிலில் பொட்டிட்டாள். கடையில் வாங்கிய கொத்திலிருந்து ஒரு வெள்ளைப் பூவைக் கிள்ளி அதன் குளம்படியில் வைத்தாள். நாலு காலும் இப்போது நிலத்தில் நின்றன. விசிறியின் கீழே சுடர் ஒருகணம் சாய்ந்து, பின் நிமிர்ந்தது. திருநீற்றுத் தட்டை மூத்தவர் என்னும் முறையில் முதலில் ஜெயரட்ணத்தின் முன்தான் நீட்டினாள். அவர் குனிந்து எடுத்தார்.

சாளரத்துக்கு வெளியே மீண்டும் பனி இறங்கியது.

முறிந்தன பொருந்துக. குறைந்தன நிறைக. பனிக்கண் நடப்பார் வழுக்காது வீடு சேர்க. வாயில்லா உயிர் வாழ்க; அதற்கு ஒருபிடி வாயுறை தந்தார் வாழ்க; தராதாரும் ஒருநாள் தந்து வாழ்க.